வாஷிங்டனுக்குப் போன திருமதி வாஷிங்டன்

2003ஆம் ஆண்டு ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. நான்கு மணிக்கு எழுந்தேன். தேநீரைச் சுடுநீர்ப் போத்தலில் ஊற்றிக்கொண்டு முதல் ரயிலைப் பிடித்தேன். ஆறு மணிக்கு உடை மாற்றி, எனக்கு ஒதுக்கிய சக்கர நாற்காலிகளின் பிரேக்குகளையும் கால்தட்டுகளையும் சரிபார்த்தேன். ஒன்றின் இடது கால்தட்டு ஆடியது. அதற்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி, சுவரோரம் தள்ளிவைத்தேன். வெளியே தூறல். முதல் பயணி மூட்டுவலிக்காரர், வியன்னாவுக்குப் போகிறவர். இரண்டாவது பயணி கால் முறிந்த ஒரு பாடசாலை ஆசிரியை.

அன்றைய நாட்குறிப்பில் காலைப்பொழுது இப்படித்தான் இருக்கிறது. மதியத்துக்குப் பிறகு நடந்ததற்கு ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்: "அம்மா ஏறிவிட்டார்." மிச்சத்தை உங்களுக்காக ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்.

விமான நிலைய உதவிச் சேவைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் இந்த நாட்டில் பிறந்தவர்கள். ஜெர்மன் மொழியான டொச்சை என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள். நான் எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது எனக்குத் தெரிந்த டொச் வார்த்தை ஒன்றே ஒன்று. அது நான் தேடி வந்ததன் பெயர்: அசூல், அதாவது அடைக்கலம். இப்போது முதுகு மறுத்துவிட்டதால் உரிய வயதுக்கு முன்பே ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன். நாற்காலியை மடிப்பது, பாரந்தூக்கியில் ஏற்றுவது எல்லாம் பயிற்சியில் பழக்குவார்கள். நான் சொல்லப்போவது அங்கே பழக்காதது.

முதலில் எனக்கு வேலை பழக்கியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு குரோவேஷியப் பெண்மணி. முதல் நாள் என்னிடம் நாற்காலியைத் தள்ளத் தரவில்லை. "உட்கார். இன்றைக்கு நீ பயணி" என்றார். நான் உட்கார்ந்தேன். கட்டடம் முழுவதும் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். வழியில் கண்டவர்கள் எல்லோரும் என் தலைக்கு மேலால் அவரோடு பேசினார்கள். கோப்பிக் கடைக்காரர் என்னைக் காட்டி, "அவருக்குப் பால் வேண்டுமா?" என்று அவரிடம் கேட்டார். "வேண்டாம்" என்றார் அவர். எனக்குப் பால் வேண்டும். ஆனால் கறுப்புக் கோப்பி கைக்கு வந்துவிட்டது. நான் அதைக் குடித்து முடித்ததும் அவர் குனிந்து, "எப்படி இருந்தது?" என்றார்.

"கசப்பு."

"அதை மறக்காதே. நாற்காலியில் இருப்பவருக்காக நீ பதில் சொல்லாதே. எத்தனை அவசரம் என்றாலும் சொல்லாதே. முன்னால் வந்து குந்திக்கொண்டு அவரிடமே கேள்."

அவர் எனக்குத் தந்த பயிற்சி இவ்வளவுதான். அதற்குப் பின்னர் அவர் கையால் கோப்பி வாங்கிக் குடித்தபோதெல்லாம் பால் இருந்தது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. எங்கள் கைவானொலியில் பயணிகளுக்குப் பெயர் கிடையாது. போகும் ஊர்தான் பெயர். "சிக்காகோ இரண்டு", "மட்ரிட் ஒன்று" என்று அழைப்பு வரும். யாரும் தப்பாக எடுப்பதில்லை. வேலை வேகமாக நடக்கும். அன்று அழைப்பு மேசையில் இருந்தவர் புதியவர். "வாஷிங்டன் ஒன்று, காத்திருக்கும் அறை" என்றார். நான் போனேன். அறையில் ஓர் அமெரிக்க அம்மா இருந்தார், கறுப்பினத்தவர், மடியில் பெரிய தோல்பை. "வாஷிங்டன்?" என்றேன். "நானேதான், மகனே" என்றார். ஜெர்மனியில் படைமுகாமொன்றில் வேலை செய்யும் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாராம். வழி முழுக்க மகளின் சமையலைக் குறைசொல்லிக்கொண்டு வந்தார்.

வாஷிங்டன் விமானத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்ததும் அவர் மேலே இருந்த பலகையைப் படித்தார். "மகனே, நான் போவது ஹூஸ்டனுக்கு."

"நீங்கள் வாஷிங்டன் என்றீர்களே?"

"நான் வாஷிங்டன்தான். நாற்பது வருடமாக. கல்யாணத்தில் வந்த பெயர். ஆனால் அந்த ஊருக்கு நான் ஏன் போக வேண்டும்? அங்கே எனக்கு யாரையும் தெரியாது."

அவருடைய கடவுச்சீட்டைப் பார்த்தேன். பெயர் வாஷிங்டன். அழைப்பு மேசைக்காரர் வழமைக்கு மாறாக ஊருக்குப் பதில் பெயரை வாசித்திருக்கிறார். ஹூஸ்டன் விமானத்துக்கு நிறைய நேரம் இருந்தது. நான் நாற்காலியைத் திருப்பினேன். அமெரிக்காவில் பாதி ஊர்களுக்கு யாரோ ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் பெயர்தானே, எங்கள் முறையில் இப்படி ஒருநாள் நடக்காமல் விட்டால்தான் அதிசயம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது கேள்வி மேசையிலிருந்து யாரோ என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள்.

அந்த வருடங்களில் அமெரிக்கா போகும் ஒவ்வொருவரையும் வாசலில் தனியாக நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். உங்கள் பெயர் என்ன, எங்கே போகிறீர்கள், பையை யார் கட்டியது. பயணி வாயால் சொல்ல வேண்டும். கடவுச்சீட்டை நீட்டினால் போதாது. மேசையில் ஓர் இளம்பெண்ணும், பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட மேற்பார்வையாளரும் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், எங்கள் சேவையின் நாற்காலி ஒன்றில், நீலச் சேலையும் அதற்கு மேல் ஓர் ஆணின் குளிர்ச்சட்டையும் போட்டபடி ஓர் அம்மா இருந்தார். கழுத்தில் செபமாலை. வாயை இறுக்கி மூடியிருந்தார்.

"நீங்கள் தமிழ் பேசுவீர்கள் அல்லவா?" என்றார் மேற்பார்வையாளர். குரல் உயரவில்லை. அவர் எப்போதுமே குரலை உயர்த்தாதவர். "கடவுச்சீட்டில் வாஷிங்டன், மேரி திரேசா என்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் மேரி திரேசா என்கிறார். குடும்பப் பெயரைக் கேட்டால் பேச்சில்லை. எங்கே போகிறீர்கள் என்றால் அமெரிக்கா என்கிறார். எந்த நகரம் என்றால் மறுபடி பேச்சில்லை. கொஞ்சம் ஆங்கிலம் விளங்குகிறது. ஆகவே மொழி மட்டும் காரணமில்லை."

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"வேறு யாருடையதோ கடவுச்சீட்டு. முகம் ஒத்துப்போகிறது. சகோதரியின் முகமும் ஒத்துப்போகும்."

அவர் அப்படி நினைத்ததில் பிழை இல்லை. எங்கள் ஆட்கள் பலர் அப்படிப் போனார்கள், பிடிபட்டார்கள். மொழிபெயர்க்க என்னைப் பலமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த அம்மாவை ஏற்றாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவரிடம் ஜெர்மனிக்குள் நுழைய விசா இல்லை. கொழும்புக்குத் திருப்பி அனுப்புவார்கள். அவருடைய அமெரிக்க விசாவைப் பார்த்தேன். மகள் பொறுப்பெடுத்து எடுத்துக்கொடுத்த குடியேற்ற விசா. அது முடிய மூன்று நாள் இருந்தது. திரும்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பயணிகள் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

அமெரிக்க அம்மாவின் நாற்காலிக்குப் பிரேக் போட்டு ஓரமாக விட்டேன். நீலச் சேலை அம்மாவுக்கு முன்னால் போய்க் குந்தினேன்.

"வணக்கம் அம்மா. நான் யாழ்ப்பாணம்."

"தமிழே? மாதாவே. தம்பி, இதுகள் ஒரு கேள்வியையே திரும்பத் திரும்பக் கேக்குதுகள்."

"நீங்கள் எந்த ஊர்?"

"மன்னார். பேசாலை."

"இப்ப எங்க போறியள்?"

"மகளிட்ட."

"மகள் எங்க இருக்கிறா?"

"அமெரிக்காவில."

"அமெரிக்காவில எந்த இடம்?"

அவர் சன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தைப் பார்த்தார். "சனாதிபதி இருக்கிற ஊர்."

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். மேற்பார்வையாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். "அப்படியானால் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டு சொல்ல மறுக்கிறார். அது இன்னும் மோசம்."

நான் திரும்பினேன். "அம்மா, உங்கட முழுப்பேர்?"

"மேரி திரேசா."

"அதுக்கு முன்னால?"

"முன்னால உள்ளது பாஸ்போட்டில கிடக்குத்தானே. இவைக்கு வாசிக்கத் தெரியாதே?"

"நீங்கள் வாயால சொல்லவேணுமாம்."

"ஏலாது."

சொல்லும்போது அவர் முகத்தில் பயம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. அப்போது நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "அம்மா, என்னட்டையாவது உண்மையைச் சொல்லுங்கோ. இந்தப் பாஸ்போட் உங்கடதோ?" என்றேன்.

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "உனக்கு எத்தினை வயசு?"

"நாப்பத்தெட்டு."

"கலியாணம் கட்டினனியே?"

"ஓம்."

"உன்ர மனுசி உன்னை எப்பிடிக் கூப்பிடுறவ?"

"இஞ்சேருங்கோ எண்டு."

"பேர் சொல்லுறேல்லையோ?"

"இல்லை."

"உன்ர அம்மா உன்ர கொப்பரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவவே?"

"இல்லை அம்மா. அவவின்ர வாயால அப்பாவின்ர பேரை நான் கேட்டதே இல்லை."

"பிறகேனடா என்னை மட்டும் அவற்ர பேரைச் சொல்லச் சொல்லிக் குடையிறாய்?"

அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. கல்யாணமான பெண்ணின் கடவுச்சீட்டில் கணவரின் பெயர்தான் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். இவருடைய கணவரின் பெயர் வாஷிங்டன். அந்தக் காலத்துப் பெண் கணவரின் பெயரை வாயால் சொல்லமாட்டார். அதே பெயர் ஓர் ஊருக்கு இருந்தால் அந்த ஊரையும் சொல்லமாட்டார்.

"ஐயாவின்ர பேரோ அது?"

"மாமனார் வைச்ச பேர். மன்னார்த் துறைக்கு வந்த ஆரோ வெள்ளைக்காரக் கப்பல்காரன்ர பேராம். வைச்சவர் போய்ச் சேர்ந்திட்டார், மாட்டுப்பட்டது நான். உலகத்தில எத்தினை ஊர் கிடக்கு. மகள் போய் இருந்ததும் அங்கதான்."

"இவ்வளவு தூரம் எப்பிடி வந்தனீங்கள்?"

"கொழும்பில எம்பசியில கேக்கேக்க அவர் பக்கத்தில இருந்தவர். அவர் சொன்னவர். எயாப்போட்டிலயும் கம்பிக்கு அங்கால நிண்டு சத்தம் போட்டுச் சொன்னவர். வள்ளத்தையும் வலையையும் ஆர் பாக்கிறதெண்டு ஆள் நிண்டிட்டார்." குளிர்ச்சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இஞ்ச ஆர் தம்பி சொல்லுறது?"

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு சேர்ந்து யோசிக்க வேண்டும். நான் எழுந்து நின்று, "சொல்லிவிட்டார். குடும்பப் பெயர் வாஷிங்டன், போவது வாஷிங்டனுக்கு" என்று டொச்சில் சொல்லியிருக்கலாம். அங்கே என்னைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. அரை நிமிடத்தில் அம்மா உள்ளே போயிருப்பார். அது பொய் என்றுகூடச் சொல்லமுடியாது. வாய்வரைக்கும் வந்தது. ஆனால் கூடவே அந்தக் கறுப்புக் கோப்பியின் கசப்பும் வந்தது. நான் ஒருமுறை அவருக்காகப் பதில் சொன்னால், இந்த மேசையில் அடுத்த முறை நான் மொழிபெயர்க்கும் எதையும் நம்ப வேண்டிய அவசியம் இந்த மனிதருக்கு இல்லை. அடுத்த முறை அந்த நாற்காலியில் யார் இருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆகவே உள்ளதைச் சொன்னேன். எங்கள் வழக்கம் இது, பெயர் இது, ஊர் இது என்று. இளம்பெண் சிரித்துவிட்டாள். பிறகு மேற்பார்வையாளரைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. "உண்மையாக இருக்கலாம்" என்றார். "ஆனால் நீங்கள் அவருடைய நாட்டவர். இதைவிட நல்ல கதைகளையும் நான் இங்கே கேட்டிருக்கிறேன்."

"ஒன்று கேட்கட்டுமா? வேறு ஒருவருடைய கடவுச்சீட்டில் வந்தவர்களை நீங்கள் எத்தனையோ பேர் பிடித்திருக்கிறீர்கள். அவர்களில் யாராவது பெயரைச் சொல்லத் தடுமாறினார்களா?"

அவர் யோசித்தார். "இல்லை. பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். நான் கேட்டு முடிக்கும் முன்பே சொல்வார்கள்."

"ஊரையும்?"

"ஊரையும். தெருவையும். வீட்டு இலக்கத்தையும்." கடவுச்சீட்டை மறுபடி புரட்டினார். "இது நல்ல வாதம். ஆனால் வாதத்தை வைத்துக்கொண்டு நான் ஆளை ஏற்ற முடியாது. அவரிடமிருந்து ஏதாவது வர வேண்டும். அவரிடமிருந்து, உங்களிடமிருந்து அல்ல."

பின்னால் ஓரமாக இருந்த அமெரிக்க அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மகனே, எனக்கு ஜெர்மன் தெரியாது. அந்தச் சகோதரிக்கு என்ன பிரச்சினை?"

சுருக்கமாகச் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். "என் கணவர் நாற்பது வருடத்தில் ஒருநாளாவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்றுதான். அவரை யாரும் எந்த வாசலிலும் நிறுத்தவில்லை."

அது எனக்கு ஒரு வழியைக் காட்டியது என்று சொல்லமாட்டேன். ஆனால் சிரிக்க வைத்தது. சிரித்ததும் தலை கொஞ்சம் தெளிந்தது. எங்கள் ஊரில் இப்படியான பெண்கள் என்ன செய்வார்கள்? தபாற்காரர் வந்து கேட்டால், பக்கத்தில் நிற்கும் யாரையாவது சொல்லவைத்துவிட்டுத் தலையாட்டுவார்கள்.

"நீங்களே பெயர்களைச் சொல்லுங்கள்" என்றேன் மேற்பார்வையாளரிடம். "எந்தப் பெயர்கள், எந்த ஒழுங்கில் என்பது உங்கள் விருப்பம். சரியானது வந்தால் அவர் காட்டுவார். நான் அவர் கண்ணில் படாமல் அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறேன். வாயே திறக்கமாட்டேன்."

அவர் வாசலைப் பார்த்தார். வரிசை பாதியாகக் குறைந்திருந்தது. "சரி" என்றார்.

அம்மாவிடம் குந்தி, "இவர் பேருகள் சொல்லுவார். உங்கட ஐயாவின்ர பேர் வந்தால் காட்டுங்கோ. நான் பக்கத்தில நிக்கமாட்டன்" என்றேன். "நீ போ. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மேற்பார்வையாளர் மெதுவாக, ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"ஜாக்சன்?"

"நோ."

"லிங்கன்?"

"நோ."

"ஹமில்டன்?"

"நோ."

"லிங்கன்?" மறுபடியும், இம்முறை கொஞ்சம் அழுத்தமாக. மனிதர் தன் தொழிலில் கெட்டிக்காரர்.

"இல்லையெண்டு சொன்னனான் தானே. இந்தாளுக்குக் காது கேளாதோ?"

"மில்லர்?"

"நோ."

"வாஷிங்டன்?"

சத்தமே இல்லை. பிறகு, "யெஸ், இங்கே இருக்கிறேன்" என்ற குரல் கேட்டது. அது அமெரிக்க அம்மாவின் குரல். பழக்கத்தில் கையையும் தூக்கியிருக்கிறார். "மன்னியுங்கள், என்னை அல்ல" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

வாக்குக் கொடுத்தபடி நான் எட்டிப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்பதை இளம்பெண் பிறகு சொன்னாள். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாராம். குளிர்ச்சட்டைக்கு மேலால் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் சரிசெய்தாராம். நிலத்தைப் பார்த்தபடி சிரித்தாராம். "கணவர் உள்ளே வந்துவிட்டார் போல இருந்தது" என்றாள் அவள்.

ஊர்களிலும் அப்படியே. பொஸ்டன் இல்லை, சிக்காகோ இல்லை, ஹூஸ்டன் இல்லை. ஹூஸ்டனுக்கு அமெரிக்க அம்மா மறுபடி கை தூக்கினார். அடுத்ததாக அந்த ஊர் வந்தபோது அம்மாவின் தலைப்பு மறுபடி தோளுக்குப் போனது.

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கேள்வித்தாளில் இல்லாத ஒரு கேள்வியை அவரே கேட்டார். "அங்கே உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள்?"

ஆங்கிலம்தான். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "நிர்மலா" என்றார். "மை டோட்டர். நிர்மலா." அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நிர்மலாவைக் கண்டு பதினாலு வருஷம், நிர்மலாவுக்கு இரண்டு பொடியன்கள், நிர்மலாவின் புருஷன் தாடி வைத்திருக்கிறானாம், படத்தில் பார்க்கத் தனக்குப் பிடிக்கவில்லை, நேரில் சொல்லப்போகிறார். எல்லாம் தமிழில். நான் தூணுக்குப் பின்னாலிருந்து வந்து மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். மேற்பார்வையாளர் கையைக் காட்டித் தடுத்தார். "தேவையில்லை" என்றார்.

கேள்விகள் முடிந்ததற்கான சீட்டைக் கடவுச்சீட்டில் ஒட்டினார்கள்.

இங்கேயே மூச்சு விட்டுவிடத் தோன்றும். விட்டுவிடாதீர்கள். உங்கள் வாசலில் தீர்ந்த பிரச்சினை அடுத்த வாசலில் அப்படியே காத்திருக்கும். அமெரிக்காவில் இறங்கியதும் குடிவரவு அதிகாரி இதே கேள்விகளைக் கேட்பார். அங்கே தூண் இருக்கலாம், நான் இருக்கமாட்டேன். ஒரு வெள்ளை அட்டையை எடுத்து ஆங்கிலத்தில் எழுதினேன்: இவருடைய கணவரின் பெயர் வாஷிங்டன். இவருடைய வழக்கப்படி அந்தப் பெயரை இவர் சொல்வதில்லை. தயவுசெய்து நீங்கள் சொல்லுங்கள், இவர் தலையாட்டுவார். மேற்பார்வையாளர் அதை வாங்கிப் படித்தார். மேசைக்குப் போய்த் தன் முத்திரையைக் குத்தினார். முத்திரை இல்லாத காகிதத்தை ஜெர்மனியில் யாரும் காகிதமாகவே எடுப்பதில்லை. அமெரிக்காவில் எப்படியோ தெரியாது. குத்தியதில் எனக்கு ஓர் ஆறுதல்.

விமானக் கதவுவரை நானே தள்ளிக்கொண்டு போனேன். பணிப்பெண்ணிடம் அட்டையைக் காட்டி, இறங்கும்போது கையில் கொடுக்கச் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, உன்ர பேர் என்ன?"

"செல்வராசா."

கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். "அந்தப் பேரில ஒரு ஊரும் இல்லை. உன்ர மனுசி குடுத்துவைச்சவ."

கதவு மூடியது. திரும்பி வந்தால் அமெரிக்க அம்மா பிரேக் போட்ட நாற்காலியில் இளம்பெண்ணுக்கு மகளின் சமையலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை ஹூஸ்டன் வாசலில் விட்டபோது, "உன் சகோதரி போய்விட்டாரா?" என்றார். "போய்விட்டார்" என்றேன். "நல்லது. அந்த ஊரில் இனி எனக்கு ஒருவரைத் தெரியும்" என்றார்.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு மருத்துவரின் கிளினிக்கில் துப்புரவு வேலை செய்கிறாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"நீ மட்டும் வேலையில தொலைபேசி எடுத்தால் 'ஃப்ராவ் செல்வராசா' எண்டு சொல்லுறாய்தானே?" என்றேன்.

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"அது என்ர பேர்தானே?"

"டொச்சில சொன்னால் அது உங்கட பேர் இல்லை. அது ஃபமிலியன்நாமெ, வெறும் குடும்பப் பேர்." கறியைக் கிளறினாள். "இஞ்சேருங்கோ, அந்த மனுசி போய்ச் சேர்ந்திட்டாவோ?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. அன்று சரியாகத் தூங்கவில்லை.

புதன்கிழமை ஆறு மணிக்கு நாற்காலிகளைப் பார்க்கப் போனபோது, எங்கள் அறை வாசலில் மேற்பார்வையாளர் நின்றார். அவருடைய முறை எட்டு மணிக்குத்தான் தொடங்கும். கையில் இரண்டு கோப்பிக் கோப்பைகள். "விமானக் கம்பெனியின் ஆள் அங்கே கேட்டுச் சொன்னார்" என்றார். "அதிகாரி பெயரைச் சொன்னாராம். உங்கள் அம்மா தலையாட்டினாராம். மகள் வெளியே நின்றாளாம். மிச்சம் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோரும் அழுதார்கள் என்பதைத் தவிர." ஒரு கோப்பையை நீட்டுமுன், "பால் வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

பிறகு வேலையைத் தொடங்கினேன். அன்றைய முதல் பயணி ஹம்பேர்க் போகும் ஒரு முதியவர், ஜெர்மன்காரர், மடியில் தொப்பி. பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. முன்னால் வந்து குந்தினேன். பெயரையும் ஊரையும் பிறகு கேட்கலாம் என்று வைத்துக்கொண்டு, "அங்கே உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள்?" என்றேன்.

"ஹில்டெ" என்றார் அவர். "என் மனைவி ஹில்டெ. பிந்தித்தான் வருவாள், ஹில்டெ எப்போதும் அப்படித்தான்."

பிரேக்கை எடுத்துவிட்டு அவரைத் தள்ளத் தொடங்கினேன்.